திக்கும் பக்கமும் 65,000 ரூபாய்ப் படிப்பும்: வெப் டிசைன் கற்கும் மாணவிக்குப் பதில்

தென்காசி மாவட்டத்திலிருந்து 19 வயது மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். பி.எஸ்சி. கணினி அறிவியல், இரண்டாம் ஆண்டு. அப்பா விசைத்தறித் தொழிலாளி. கல்லூரி ஆய்வகத்தில் கிடைத்தது எச்டிஎம்எல் (பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் மொழி) அடிப்படையும், சீனியர்கள் விட்டுப்போன ஃபிளாஷ் (பழைய அனிமேஷன் மென்பொருள்) நோட்டும்தான். மீதியை யூடியூப் பார்த்துக் கற்று, சேலைகளைக் காட்டும் ஒரு பயிற்சிப் பக்கத்தைத் தானே செய்திருக்கிறார். ஸ்க்ரோல் செய்யச் செய்ய 24 அட்டைகள் மேலெழுந்து வரும், தலைப்பு எழுத்தெழுத்தாக விழும், பின்னணியில் பூவிதழ்கள் உதிரும். அண்ணனின் பழைய 4 ஜிபி ரேம் லேப்டாப்பில் அது ஓரளவு ஓடுகிறது. அம்மாவின் போனில் திக்குகிறது. தலைப்பின் தமிழ் எழுத்துகள் உடைந்து புள்ளி வட்டங்களாகத் தெரிகின்றன. தோழியின் புதுப் போனில் பூவிதழ்கள் இரண்டு மடங்கு வேகத்தில் விழுகின்றன.

திருநெல்வேலியில் ஒரு பயிற்சி நிலையம், 'வெப் டிசைன் மற்றும் அனிமேஷன்' என்ற ஆறு மாதப் படிப்புக்கு 65,000 ரூபாய் கேட்கிறதாம். வேலை நூறு சதவீதம் உறுதி, பணத்தை வட்டியில்லாத் தவணையில் கட்டலாம் என்கிறார்களாம். இதற்கிடையில் ஊர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், "மொதல்ல செஞ்சு காட்டும்மா, நல்லா இருந்தா பாத்துக்கலாம்" என்று தன் கடைக்கு வெப்சைட் கேட்டிருக்கிறார். படிப்பில் சேரலாமா, வரையத் தெரியாத, கணக்கும் சுமாரான எனக்கு இந்தத் துறை ஒத்துவருமா, லேப்டாப்பை மாற்ற வேண்டுமா, ஏஐ எல்லாவற்றையும் செய்யும்போது இதைப் படித்து என்ன பயன், கடை வேலையை இலவசமாக ஏற்கலாமா என்பவை அவருடைய கேள்விகள். பக்கத்தின் கோடிங்கையும் முழுதாக இணைத்திருந்தார்.

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் முதல் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் படிப்பில் இப்போது சேர வேண்டாம். உங்கள் பக்கத்தில் இருக்கும் ஐந்தாறு கோளாறுகளைச் சரிசெய்யும் வழியில் நீங்கள் கற்கப் போவது, நீங்கள் படம்பிடித்து அனுப்பிய அந்தத் துண்டறிக்கையின் பாடத்திட்டத்தில் இல்லை. அதில் 22 மென்பொருள் பெயர்கள் இருக்கின்றன. ஒரு பக்கம் ஏன் திக்குகிறது என்று ஒரு வரிகூட இல்லை.

ஆகவே பக்கத்திலிருந்தே தொடங்குவோம். கொஞ்சம் நீளும்.

பக்கம் ஏன் திக்குகிறது

"போன் பழசு, அதனால் திக்குகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். போன் மீது பழி போட வேண்டாம். பெரும்பாலான திரைகள் விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. அதாவது ஒவ்வொரு பிரேமுக்கும் (ஒருமுறை புதுப்பித்துக் காட்டும் படத்துக்கும்) பிரவுசருக்குக் கிடைப்பது 16.7 மில்லி விநாடி. அந்த நேரத்துக்குள் அது வரிசையாகச் சில வேலைகளைச் செய்கிறது: எந்த ஸ்டைல் எதற்கு என்று பார்ப்பது, எது எங்கே எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று அளப்பது, வண்ணம் தீட்டுவது, தீட்டிய அடுக்குகளைச் சேர்த்துத் திரைக்கு அனுப்புவது. இதில் அளக்கும் வேலைக்கு லேஅவுட் என்று பெயர். செலவு அதிகம் பிடிப்பதும் அதுதான், ஏனென்றால் ஒன்று நகர்ந்தால் பக்கத்திலிருப்பதும் நகர வேண்டியிருக்கலாம்.

உங்கள் பக்கவாட்டு மெனு 'லெஃப்ட்' மதிப்பை மைனஸ் 300 பிக்சலிலிருந்து பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து நகர்கிறது. லெஃப்ட், டாப், விட்த், ஹைட், மார்ஜின் என்று இடத்தையும் அளவையும் குறிக்கும் எதை அசைத்தாலும் ஒவ்வொரு பிரேமிலும் பிரவுசர் அளவுநாடாவை எடுக்க வேண்டும். அதே அசைவை டிரான்ஸ்ஃபார்மின் டிரான்ஸ்லேட்-எக்ஸ் (பக்கவாட்டில் நகர்த்தும் கட்டளை) மூலம் செய்தால் அளப்பதும் இல்லை, தீட்டுவதும் இல்லை. ஏற்கெனவே தீட்டிய அடுக்கை நகர்த்தினால் போதும், அந்த வேலையை கிராஃபிக்ஸ் சிப் பார்த்துக்கொள்ளும். டிரான்ஸ்ஃபார்ம், ஒபாசிட்டி (ஒன்று எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்ற அளவு) இரண்டை மட்டும் அசைப்பது என்று ஆறு மாதத்துக்கு ஒரு விரதம் எடுத்துக்கொள்ளுங்கள். விரதத்தை முறிக்க வேண்டிய இடம் எது என்று அதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும். ஒன்று மட்டும்: யாரோ சொன்னார்கள் என்று எல்லா அட்டைகளுக்கும் வில்-சேஞ்ச் (இது அசையப் போகிறது, தனி அடுக்காக வை என்று பிரவுசருக்கு முன்கூட்டியே சொல்வது) போட்டிருக்கிறீர்கள். ஒவ்வோர் அடுக்கும் போனின் நினைவகத்தைத் தின்னும். அதை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது ஸ்க்ரோல். நீங்கள் ஸ்க்ரோல் நிகழ்வைக் கேட்டு, 24 அட்டைகளையும் ஒரு சுற்றில் எடுத்து, ஒவ்வொன்றின் இடத்தையும் அளந்து, உடனே அதன் உயரத்தையும் மேல் இடைவெளியையும் மாற்றுகிறீர்கள். அளவு கேட்டதும் பிரவுசர் லேஅவுட் செய்து பதில் சொல்கிறது. நீங்கள் ஒன்றை மாற்றியதும் அந்தக் கணக்கு செல்லாமல் போகிறது. அடுத்த அட்டையின் அளவைக் கேட்கும்போது முழுக் கணக்கையும் மறுபடி போடுகிறது. ஒரே ஸ்க்ரோல் நிகழ்வுக்குள் இப்படி 24 முறை நடக்கலாம். முதலில் எல்லாவற்றையும் அளந்துவிட்டுப் பிறகு மாற்றுவது ஒரு தீர்வு. உங்கள் தேவைக்கு அதைவிட எளியது இன்டர்செக்‌ஷன் அப்சர்வர்: அட்டை திரைக்குள் வந்ததும் பிரவுசரே தகவல் சொல்லும், நீங்கள் ஒரு கிளாஸை (ஸ்டைலைத் தேர்ந்தெடுக்கும் பெயர்க்குறியை) சேர்த்தால் போதும், மீதியை சிஎஸ்எஸ் (தோற்றத்தை எழுதும் மொழி) பார்த்துக்கொள்ளும். ஸ்க்ரோலையே காலக்கோடாக வைத்து அசைக்கும் வசதி சிஎஸ்எஸ்ஸிலேயே இருக்கிறது. குரோமில் 2023-இல் வந்தது. எல்லா பிரவுசரும் ஒரே நேரத்தில் ஏற்காததால், அது இல்லாவிட்டாலும் பக்கம் சரியாகத் தெரியும்படி எழுதிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது படங்கள். மேலே வரும் மூன்று சேலைப் படங்களும் 4000 × 3000 பிக்சல். ஃபைல் அளவு 6 எம்பி என்று நீங்களே குறித்திருக்கிறீர்கள். ஆனால் திரையில் காட்டுவதற்காக விரிக்கும்போது ஒரு பிக்சலுக்கு 4 பைட் ஆகும். அப்படியானால் ஒரு படத்துக்கு 48 எம்பி, மூன்றுக்கு 144 எம்பி. அம்மாவின் போன் திரை அகலம் அதிகம் போனால் 1080 பிக்சல் இருக்கும். படத்தை 1080 × 810 ஆகச் சுருக்கினால் விரித்த அளவு 3.5 எம்பிதான். குறைந்த இடம் பிடிக்கும் வெப்-பி அல்லது ஏவிஃப் வடிவில் சேமித்தால் டவுன்லோடும் வெகுவாகக் குறையும். படத்தின் அகல உயரத்தை எச்டிஎம்எல்லிலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் படம் வந்து சேரும் கணத்தில் கீழே இருக்கும் எழுத்தெல்லாம் குதித்துக் கீழிறங்கும். ஒன்றைத் தொடப்போய் இன்னொன்றைத் தொட்டு எரிச்சல்பட்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும்.

நான்காவது, தோழியின் போனில் பூவிதழ் வேகமாக விழுவது. "நல்ல போன் என்பதால் வேகம்" என்ற உங்கள் ஊகம் பாதி சரி. அந்தப் போனின் திரை விநாடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படுகிறது. நீங்கள் ஒரு பிரேமுக்கு 2 பிக்சல் என்று எழுதியிருக்கிறீர்கள். 60 பிரேமில் அது விநாடிக்கு 120 பிக்சல், 120 பிரேமில் 240. ஒவ்வொரு பிரேமுக்கும் முன் உங்கள் கோடிங்கை அழைக்கும் ரிக்வெஸ்ட் அனிமேஷன் பிரேம் ஒவ்வொரு முறையும் நேரத்தை உங்களிடம் கொடுக்கிறது. முந்தைய நேரத்தைக் கழித்து, அந்த இடைவெளியை வேகத்தால் பெருக்குங்கள். வேகத்தைப் பிரேம் கணக்கில் வைக்காமல் விநாடிக் கணக்கில் வைத்தால் எந்தப் போனிலும் ஒரே மாதிரி விழும். டேப் மாறிவிட்டுத் திரும்பும்போது இடைவெளி பெரிதாகி எல்லா இதழும் ஒரேயடியாகக் கீழே போய்விடும் என்பதால், இடைவெளிக்கு 50 மில்லி விநாடி என்று ஓர் உச்சவரம்பு வையுங்கள்.

இன்னும் இரண்டு. அட்டைகளின் ஒபாசிட்டியை சிஎஸ்எஸ்ஸில் பூஜ்யமாக வைத்து ஜாவாஸ்கிரிப்டில் (பக்கத்தை இயக்கும் மொழியில்) தெரியவைக்கிறீர்கள். ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பிழை வந்தால், அல்லது நெட் விட்டுப்போனால், கடையில் சேலையே இருக்காது. ஜாவாஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கியதும் அதுவே ஒரு கிளாஸைச் சேர்த்து, அந்தக் கிளாஸ் இருந்தால் மட்டும் மறையட்டும். பக்கம் திறக்கும் முன் மூன்று விநாடி சுற்றும் லோடரைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிந்தால் நல்லது என்பது கூகுளின் அளவுகோல். நீங்கள் வேண்டுமென்றே மூன்று விநாடி கதவைச் சாத்தி வைத்திருக்கிறீர்கள்.

இவை எல்லாவற்றையும் கண்டுபிடிக்கும் கருவி குரோமுக்குள்ளேயே இருக்கிறது. டெவ்டூல்ஸின் பெர்ஃபாமன்ஸ் பகுதியில் சிபியு வேகத்தை 4 மடங்கு குறைத்து, நெட்வொர்க்கை ஸ்லோ 4ஜி ஆக்கி, ஐந்து விநாடி பதிவு செய்யுங்கள். நீளமான ஊதாப் பட்டைகள் தெரிந்தால் லேஅவுட் தொல்லை. பச்சை அதிகம் என்றால் தீட்டும் வேலை அதிகம், நிழலும் மங்கலும்தான் பெரும்பாலும் காரணம். அனிமேஷன்ஸ் பகுதியில் வேகத்தை 10 சதவீதமாக்கிப் பார்த்தால், கண்ணுக்குத் தப்பிய தடுமாற்றமும் தெரியும்.

தமிழ் எழுத்து உடைவது

இதை யூடியூப் பாடங்கள் சொல்லித்தராது, ஏனென்றால் அவை ஆங்கிலத் தலைப்பை வைத்தே செய்து காட்டுகின்றன. 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் (கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொதுக் குறியீட்டு முறையில்) அது ஐந்து துண்டு: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நீங்கள் செய்தபடி ஸ்ப்ளிட் (துண்டாகப் பிரிக்கும் கட்டளை) போட்டால் ஐந்து தனித்தனி ஸ்பேன் (எழுத்தைச் சுற்றும் உறை) உருவாகி, இகரக் குறியும் புள்ளியும் ஆதரவில்லாமல் நிற்கும். அந்தப் புள்ளி வட்டம் அதனால்தான்.

ஜாவாஸ்கிரிப்டில் எழுத்துகளைப் பிரித்துத் தரும் இன்ட்ல் செக்மென்டர் (Intl.Segmenter) என்று ஒன்று உண்டு. அதில் மொழியைத் தமிழ் என்றும், பிரிப்பு அலகை கிராஃபீம் (கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவது) என்றும் கொடுத்தால் மூன்று எழுத்தாகப் பிரித்துத் தரும். 2024 முதல் முக்கியமான பிரவுசர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆனால் 'க்ஷ', 'ஸ்ரீ' இரண்டையும் அது நாம் பார்க்கிறபடி ஒன்றாகப் பார்க்காது. க், ஷ என்றும் ஸ், ரீ என்றும் வெட்டிவிடும். ஜவுளிக்கடைப் பெயர் ஸ்ரீயில் தொடங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் எழுத்தே உடைந்து விழுந்தால் கடைக்காரர் சகுனம் பார்ப்பார். பிரித்த பிறகு, இந்த இரண்டு சேர்க்கையையும் கண்டால் ஒட்டிவிடும் நாலு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

உண்மையில் என் பரிந்துரை, தமிழை எழுத்தெழுத்தாக அசைக்காமல் சொல் சொல்லாக அசைப்பது. நம் சொற்கள் நீளமானவை. 20 எழுத்துச் சொல் ஒவ்வொரு எழுத்தாக வந்து முடிவதற்குள் வாசகர் விரலை நகர்த்திவிடுவார். சொல்லுக்கு 60 மில்லி விநாடி இடைவெளி விட்டால் அழகாகவும் இருக்கும், படிக்கவும் முடியும். எழுத்தாகப் பிரித்தே தீர வேண்டும் என்றால், ஸ்க்ரீன் ரீடர் (பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள்) அதைத் துண்டு துண்டாக வாசிக்காதபடி துண்டுகளை ஏரியா-ஹிடன் (aria-hidden) குறி மூலம் மறைத்து, முழு வாக்கியத்தைப் பார்வைக்குத் தெரியாத ஓரிடத்தில் தனியாக வையுங்கள். எச்டிஎம்எல்லின் மொழிக் குறியைத் தமிழுக்கு மாற்றவும் மறந்திருக்கிறீர்கள், இன்னும் ஆங்கிலம் என்றே இருக்கிறது.

வரையத் தெரியாது, கணக்கு வராது

வெப்சைட்டில் வரும் அசைவு கார்ட்டூன் படம் போன்றது என்று நினைத்துக் கவலைப்படுகிறீர்கள். இங்கே தேவைப்படுவது கை வண்ணத்தைவிட நேர உணர்வு. டவுன் பஸ் நிறுத்தத்தில் நிற்பதைக் கவனியுங்கள். வேகம் குறைந்து, நின்று, நின்றபின் உள்ளே எல்லோரும் சற்று முன்னால் சாய்ந்து பின்னால் வருவார்கள். வேகம் குறைந்து நிற்பது ஈஸ்-அவுட், சற்றுத் தாண்டிப் போய்த் திரும்புவது ஓவர்ஷூட். உள்ளே வருவது ஈஸ்-அவுட்டில் வரட்டும், வெளியே போவது, மெதுவாகத் தொடங்கி வேகமெடுக்கும் ஈஸ்-இன்னில் போகட்டும். பட்டன், மெனு போன்றவற்றுக்கு 150 முதல் 300 மில்லி விநாடி போதும். வெளியேறுவது நுழைவதைவிடக் குறைவான நேரமாக இருக்க வேண்டும். போகச் சொன்னபின் மெனு ஆடி அசைந்து போனால் யாருக்கும் பொறுக்காது. உங்கள் மெனு இப்போது 1.2 விநாடி எடுக்கிறது.

கணக்கைப் பொறுத்தவரை, முதல் வருடம் முழுக்க உங்களுக்கு இரண்டு போதும். ஒன்று, இப்போதிருக்கும் இடத்துடன், இலக்குக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கைச் சேர்ப்பது. கர்சரைப் பின்தொடரும் வட்டம் மென்மையாக நகர்வது இப்படித்தான். இதிலும் பத்தில் ஒன்று என்பது பிரேமுக்கு என்பதால் மேலே சொன்ன 120 கோளாறு வரும், கவனம். மற்றொன்று பத்தாம் வகுப்பில் படித்த சைன், காஸ். பூவிதழ் நேராக விழாமல் இடமும் வலமும் ஆடி விழ சைன் ஒன்று போதும்.

ஃபிளாஷ் நோட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அடோபி 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷ் பிளேயரை நிறுத்திவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் அதில் எதுவும் ஓடாதபடி தடுத்தும்விட்டது. தேர்வில் கேட்டால் எழுதுங்கள். கீஃபிரேம் (அசைவின் முக்கியக் கட்டம்), ட்வீன் (கட்டங்களுக்கு இடையை நிரப்புவது) என்ற சொற்கள் மட்டும் அங்கிருந்து இங்கே உயிரோடு வந்திருக்கின்றன.

லேப்டாப் மாற்ற வேண்டாம். கோடிங் எழுதும் விஎஸ் கோடும் ஆறேழு பிரவுசர் டேப்களும் 4 ஜிபியில் ஓடும். வீடியோ அசைவுக்கான ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் ஓடாது, அதற்கு அடோபி குறைந்தபட்சமாகக் கேட்பதே 16 ஜிபி. உங்களுக்கு இப்போது அது தேவையும் இல்லை. வரைய இன்க்ஸ்கேப் இலவசம், பக்கத்தை வடிவமைக்கும் ஃபிக்மாவின் மாணவர் கணக்கு இலவசம், பக்கத்தை உலகுக்குக் காட்ட கிட்ஹப் பேஜஸ் இலவசம். ஜிசாப் என்ற அனிமேஷன் நூலகம் முன்பு சில பிளக்-இன்களுக்குக் காசு கேட்டது. வெப்ஃப்ளோ நிறுவனம் அதை வாங்கியபின் 2025 முதல் எல்லாமே இலவசம். அம்மாவின் போனைத்தான் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். யுஎஸ்பி வயரில் இணைத்தால் அந்தப் போனில் நடப்பதை லேப்டாப்பின் டெவ்டூல்ஸில் அப்படியே பார்க்கலாம். உங்கள் பக்கத்தைப் பார்க்கப் போகிறவர்களில் பலர் கையில் இருப்பது அதுபோன்ற போன்தான்.

ஏஐ குறித்து ஒன்று. கேட்டால் பத்து விநாடியில் மெனு எழுதித் தரும், மறுப்பதற்கில்லை. நீங்கள் அனுப்பிய கோடிங்கில் அந்த ஸ்க்ரோல் பகுதி ஏஐ எழுதியது என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். 24 முறை அளக்கும் பகுதி அதுவே. எழுதத் தெரிவதைவிட, எழுதியதைப் படித்து இது எங்கே திக்கும் என்று சொல்லத் தெரிவதற்கு இனி மதிப்பு கூடும் என்பது என் கணிப்பு. அது தந்ததை ஓட்டிப் பார்க்கும் முன், என்ன நடக்கும் என்று ஒரு தாளில் எழுதிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

ஒரு கோலம், பன்னிரண்டு வாரம்

முதல் மூன்று வாரம் அசைவே வேண்டாம். எச்டிஎம்எல், ஃபிளெக்ஸ்பாக்ஸ், கிரிட் (இரண்டும் பக்கத்தின் பகுதிகளை அடுக்கும் முறைகள்), எழுத்துரு அளவு, இடைவெளி. 360 பிக்சல் அகலத்தில் தொடங்கிப் பெரிய திரைக்குப் போங்கள், எதிர்த் திசையில் வேண்டாம். கிளிக் செய்வதற்கெல்லாம் டிவ் (வெறும் பெட்டி) போடும் பழக்கத்தை விட்டு பட்டன் போடுங்கள். கீபோர்டில் டேப் தட்டினால் டிவ் மேல் நிற்காது. அடுத்த இரண்டு வாரம் டிரான்சிஷன் (ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்கு மென்மையாக மாறுவது), கீஃபிரேம். அதற்கடுத்த மூன்று வாரம் ஜாவாஸ்கிரிப்ட், இந்தப் பழைய பக்கத்தைப் பழுதுபார்ப்பதையே பாடமாக வைத்து.

மீதி நான்கு வாரத்துக்கு ஒரே வேலை: சிக்குக் கோலம். புள்ளிகளை எஸ்விஜியில் (கோடுகளாலான பட வடிவத்தில்) சர்க்கிளாக வையுங்கள். இழையை ஒரே பாத்தாக (தொடர்கோடாக) வரையுங்கள், ஒரே இழையில் முடியும் கோலமாகத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை குறையும். புள்ளியைச் சுற்றும் வளைவுகள் பெசியர் வளைவுகள். இரண்டு முனை, இரண்டு கைப்பிடி. ஈஸிங்குக்கு (அசைவின் வேக மாற்றத்துக்கு) நான்கு எண் கொடுக்கிறோமே, அந்த க்யூபிக் பெசியரும் இதே சாமான்தான் என்று அப்போது புரியும். பாத்-லெங்க்த்தை 1 என்று வைத்துவிட்டால் நீளத்தை அளக்கும் தொல்லை இல்லை. ஸ்ட்ரோக் டாஷ்-அரே (கோட்டுத் துண்டின் நீளம்) 1, டாஷ்-ஆஃப்செட்டை (துண்டு தொடங்கும் இடத்தை) 1-லிருந்து 0-க்குக் கொண்டுவந்தால் யாரோ மாவு இழுப்பது போல் கோடு வளரும். கோட்டின் முனையை உருண்டையாக்கினால் சில பிரவுசர்களில் வரையத் தொடங்கும் முன்பே ஒரு பொட்டு தெரியும். தொடங்கும் வரை ஒபாசிட்டியைப் பூஜ்யமாக வையுங்கள். இந்த ஆஃப்செட் மேலே சொன்ன விரதத்துக்கு விலக்கு. இது ஒவ்வொரு பிரேமிலும் தீட்ட வைக்கும், ஒரு கோலத்துக்குப் பாதகமில்லை, முப்பது கோலம் ஒன்றாக ஓடினால் தெரியும்.

பிறகு அதைத் தொடக்கூடியதாக்குங்கள். ஓட்டு, நிறுத்து பட்டன்கள். ஒரு ஸ்லைடர், அதை இழுத்தால் இழை முன்னும் பின்னும் போக வேண்டும். எந்தப் புள்ளியைத் தொட்டாலும் அதைச் சுற்றும் வளைவு மட்டும் மின்னட்டும். மவுஸ் மேலே வந்தால் என்பதை மட்டும் நம்பாதீர்கள், தொடுதிரையில் ஹோவர் கிடையாது.

அசைவு சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் தரும். அவர்கள் போனில் அசைவைக் குறைக்கும் அமைப்பைப் போட்டிருப்பார்கள், அதை ப்ரிஃபர்ஸ் ரெட்யூஸ்ட் மோஷன் என்ற மீடியா க்வெரி (போனின் அமைப்பைக் கேட்டறியும் சிஎஸ்எஸ் நிபந்தனை) கண்டுபிடிக்கும். அவர்களுக்குக் கோலம் முழுதாக வரைந்தபடியே தெரியட்டும். தானாகத் தொடங்கி ஐந்து விநாடிக்கு மேல் ஓடும் அசைவு வேறு உள்ளடக்கத்தோடு சேர்ந்து வந்தால், நிறுத்த வழி இருக்க வேண்டும் என்பது டபிள்யூசிஏஜி (WCAG) என்ற அணுகல்தன்மை நெறிமுறையின் விதி. உங்கள் பூவிதழ் ஓயாமல் உதிர்கிறது, நிறுத்த வழி இல்லை.

நேர்முகத் தேர்வில் பத்துப் பக்கம் காட்டுவதைவிட இந்த ஒரு கோலத்தையும், பழைய பக்கத்தின் பெர்ஃபாமன்ஸ் பதிவை முன், பின் என இரண்டு படமாகவும் காட்டினால் பேச நிறைய இருக்கும்.

65,000 ரூபாயைப் பற்றி

நீங்கள் விட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. தனியார் பயிற்சிக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. 65,000 என்பது வரி சேர்க்காத தொகை என்றால் 11,700 கூடி 76,700 ஆகும். கேட்டுக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம் தவணை. நிலையத்துக்கு மாதாமாதம் கட்டுவதாக நினைக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய படிவம் ஒரு நிதி நிறுவனத்தின் கடன் விண்ணப்பம். முழுப் பணமும் நிலையத்துக்குப் போய்விடும், நீங்களும் அப்பாவும் கடனாளி. இரண்டாம் மாதம் பாடம் பிடிக்காமல் நின்றாலும் தவணை நிற்காது, கட்டத் தவறினால் அப்பாவின் கடன் மதிப்பெண்ணும் குறையும். கையெழுத்துக்கு முன் முக்கிய விவர அறிக்கை என்ற தாளைக் கேளுங்கள். மொத்த வட்டி விகிதமும் செயலாக்கக் கட்டணமும் அதில் இருந்தாக வேண்டும். ஆன்லைனில் எடுக்கும் கடனாக இருந்தால், எடுத்தபின் அபராதமில்லாமல் திருப்பி விலக ஒரு குறுகிய அவகாசமும் உண்டு, எத்தனை நாள் என்று அதே தாளில் பாருங்கள்.

'நூறு சதவீதம் வேலை' என்பதை அவர்கள் வாயால் சொல்கிறார்களா, தாளில் எழுதித் தருகிறார்களா? எந்த நிறுவனத்தில், என்ன பதவியில், எவ்வளவு சம்பளத்தில், வேலை கிடைக்காவிட்டால் எத்தனை நாளில் பணம் திரும்பும் என்று எழுதிக் கேளுங்கள். பயிற்சி நிலையங்களின் தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. பணம் கட்டியவர்கள் யாராவது ஏமாற்றப்பட்டிருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அந்தத் துண்டறிக்கையையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காதீர்கள்.

எல்லாப் பயிற்சி நிலையமும் வீண் என்று சொல்ல மாட்டேன். தனியாக உட்கார்ந்து படிக்க முடியாதவர்களுக்கு ஒரு வகுப்பின் கட்டுப்பாடு உதவும். உங்களைப் பொறுத்தவரை, யாரும் சொல்லாமலே 900 வரி எழுதியிருக்கிறீர்கள். பன்னிரண்டு வாரம் கழித்தும் சேரத் தோன்றினால், முழுக் கட்டணமில்லாமல் மாதக் கட்டணம் வாங்கும் இடமாகப் பாருங்கள். ஆசிரியர் செய்த பக்கம் ஒன்றைக் கேட்டு வாங்கி, அம்மாவின் போனில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஜவுளிக்கடை வேலை

செய்யுங்கள், இலவசமாக வேண்டாம். தொகை சிறிதாக இருக்கலாம், ஆனால் மூன்றில் ஒரு பங்காவது முன்பணம் வாங்கினால்தான் கடைக்காரர் விவரங்களை நேரத்துக்குத் தருவார். வேலை இழுத்துக்கொண்டு போவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை பக்கம், எத்தனை முறை திருத்தம் (இரண்டு என்று போடுங்கள்), எந்தத் தேதி, எவ்வளவு பணம். டொமைன் (வெப்சைட்டின் முகவரிப் பெயர்) அவர் பெயரிலும் அவர் மின்னஞ்சலிலும் பதிவாகட்டும், புதுப்பிக்கும் பொறுப்பும் அவருடையது என்று ஒரு வரி சேருங்கள். இரண்டு வருடம் கழித்து நீங்கள் சென்னையில் வேலையில் இருக்கும்போது டொமைன் காலாவதியாகி உங்களுக்கு போன் வரக் கூடாது.

நீங்கள் செய்வதெல்லாம் பணம் கொடுத்தவருக்கே சொந்தம் என்று நினைத்திருக்கிறீர்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவரிடம் பணியாளராகவோ பயிற்சிப் பணியாளராகவோ இருந்து அந்த வேலையின் பகுதியாகச் செய்தால் உரிமை முதலாளிக்கு. இப்படித் தனியாக எடுத்துச் செய்யும் வேலையில், எழுதிய கோடிங்கின் முதல் உரிமையாளர் பொதுவாக நீங்கள்தான். அதை அவருக்கு மாற்றுவதென்றால் எழுத்திலும் கையொப்பத்துடனும் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். கடைக்கு முழுப் பயன்பாட்டு உரிமை, உங்களுக்கு உங்கள் வேலை மாதிரியாகக் காட்டும் அனுமதி என்று எழுதினால் இருவருக்கும் போதும்.

அதே சட்டம் உங்களையும் பிடிக்கும். பயிற்சிப் பக்கத்தில் இருக்கும் மூன்று சேலைப் படங்களும் வேறொரு பெரிய கடையின் தளத்திலிருந்து எடுத்தவை என்று தெரிகிறது, ஒன்றின் மூலையில் அவர்கள் முத்திரைகூட இருக்கிறது. கடைத் தளத்தில் அவை வேண்டாம். காலை ஒன்பது மணி வெளிச்சத்தில், கடை வாசலில் வெள்ளைத் துணி கட்டி, உங்கள் போனிலேயே எடுங்கள். ஜரிகை பளபளப்பைக் காட்ட அசைவு ஏதும் வேண்டியதில்லை, சேலையைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் போதும்.

கடைப் பெயரையும் விலைப்பட்டியலையும் டிடிபி சென்டரில் இருந்து ஃபைலாகத் தருவார்கள். அது பழைய பாமினி போன்ற எழுத்துருவில் இருக்க வாய்ப்பு அதிகம், ஒட்டினால் ஆங்கிலக் கிறுக்கலாக வரும். யூனிகோடுக்கு மாற்றியபின் ஒவ்வொரு சொல்லையும் கண்ணால் சரிபாருங்கள், முதலில் அந்த ஸ்ரீயை.